ரவுட்டருக்கும் மேசைக்கும் நடுவே

பகல் முழுக்க நான்கு கோடும் நிறைந்து நிற்கிற வைஃபை, விஜயலெட்சுமியின் முகம் திரையில் தெரிந்த கொஞ்ச நேரத்திலேயே ஏன் அறுந்துபோகிறது என்று தயாபரனுக்கு விளங்கவில்லை.

லேப்டாப் புத்தம் புதியது. குவைத்தில் வீட்டு வேலை செய்யும் அவன் மனைவி விஜயலெட்சுமி, மகள் மதுஷாவின் படிப்புக்காக வாங்கி, ஊருக்கு வந்த ஒருத்தியிடம் கொடுத்தனுப்பியது. அது மடுல்சீமைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது மதுஷா இல்லை. ஐப்பசி மழையில் மலை சரிந்து கீழ் லயத்து வீடுகளை மூடிய அன்று அவள் அங்கே டியூஷன் வகுப்பில் இருந்தாள். நாள்கணக்கில் தோண்டினார்கள். சிலரை எடுத்தார்கள். அவளை எடுக்க முடியவில்லை.

"புள்ளைக்கு வாங்குனது சும்மா கெடக்க வேணாம்," என்று விஜயலெட்சுமி சொல்லியிருந்தாள். "அவ மேசையில வச்சு அதுலயே பேசுங்க. வீட்டையாவது நான் பாக்குறேன்."

அதனால் தினமும் பொழுது சாய்கிற நேரத்தில், அங்கே எஜமானி அம்மாள் பகல் தூக்கம் போடுகிற நேரத்தில், அவன் மேசைக்கு வந்து உட்காருவான். பனிமூட்டம் கீழே ஓடையிலிருந்து ஏறி, தேயிலை நிரைகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு லயத்து வாசலுக்கு வரும். ஈர விறகின் புகை கூரைத் தகரத்தின் கீழேயே தங்கி நிற்கும். அடுத்த வீட்டில் இராக்கம்மா ரொட்டி தட்டுகிற சத்தம், கூரை வரைக்கும் எழும்பாத நடுச்சுவருக்கு மேலாக இங்கே வரும். அந்த நேரம் பார்த்துத்தான் படம் திக்கும். மனைவியின் வாய் பாதியில் நின்றுவிடும். கோடுகள் தேய்ந்து திரை இருண்டு போகும்.

அவள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். புள்ளையைப் பற்றிக் கேட்க வாயெடுத்தாலே நீங்கள் வெட்டிவிடுகிறீர்கள் என்றாள். அவன் இல்லையென்று சொல்ல ஆரம்பித்தபோது அதுவும் வெட்டுப்பட்டது. அடுத்த நாள் அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை.

"என் மூஞ்சியப் பாக்க முடியலன்னா சொல்லிருங்க," என்றாள். "மேடம் இன்னும் ரெண்டு வருசத்துக்கு இருக்கச் சொல்றாங்க. இந்த வெள்ளிக்கெழம பதில் சொல்லணும். நான் வந்து யார பாக்கப்போறேன்?"

தயாபரன் தேயிலை ஃபெக்டரியில் மின்வேலை பார்ப்பவன். ரோலர் நின்றுபோனால் அதைத் திட்டிக்கொண்டு நிற்க மாட்டான். மின்சாரம் எதுவரைக்கும் வருகிறது, எங்கிருந்து வரவில்லை என்று இரண்டு பக்கமிருந்தும் பார்த்துக்கொண்டே போனால் பழுது நடுவில் அகப்பட்டுவிடும். இதையும் அப்படித்தான் தொடங்கினான். லேப்டாப்பை லுணுகலை டவுனுக்குக் கொண்டுபோய் ஃபோன் கடை பவாஸிடம் காட்டினான்.

பவாஸ் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு லேப்டாப்பில் ஒரு கோளாறும் இல்லை என்றான். "பேசுற நேரம் மட்டும் போகுதுன்னா, தயா அண்ணே, அது வைஃபை இல்ல, மதினியோட சாபம்," என்று சிரித்தவன், அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். பிறகு பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தான். வைஃபை என்பது ரேடியோ அலை. பலகையைக் கடக்கும், சுவரைக் கொஞ்சம் தேய்ந்து கடக்கும். தண்ணீரை மட்டும் அதனால் கடக்க முடியாது. மனுச உடம்பு முக்கால்வாசி தண்ணீர்தானே, ஓர் ஆள் குறுக்கே நின்றால்கூட ஒரு கோடு குறையும்.

தயாபரனுக்கு அது பிடித்திருந்தது. பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தான்.

மறுநாள் மாலை இணைப்பு அறுந்ததும் தன் ஃபோனை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனான். எதிர்மலை ஃபோன் கோபுரத்தின் சிக்னல் அந்த ஜன்னலில் மட்டும்தான் கிடைக்கும் என்பதால் ரவுட்டர் அங்கேதான் இருந்தது. அதன் அருகே ஃபோனில் வைஃபை நன்றாக வேலை செய்தது. ஆக, வருகிற வழியில் பழுதில்லை. லேப்டாப்பிலும் இல்லை. ஜன்னலுக்கும் எதிர்ச்சுவரோரம் இருந்த மேசைக்கும் நடுவில்தான் ஏதோ இருந்தது.

நடுவில் வெறும் சிமெந்துத் தரை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் உட்கார்ந்து அவன்தான் திரையைப் பார்ப்பான்.

பகலில் சோதித்துப் பார்த்தான். நாற்காலியில் தான் உட்கார்ந்தபோது ஒரு கோடு குறைந்தது. இராக்கம்மாவைக் கூப்பிட்டுத் தன் முதுகுக்குப் பின்னால் நிற்கச் சொன்னான். "என்னய எக்ஸ்ரே புடிக்கிறியா?" என்று அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றாள். இன்னொரு கோடு. இரண்டு ஆளுக்கு இரண்டு கோடு. பவாஸ் சொன்னது சரிதான். ஆனால் மாலையில் எல்லாக் கோடும் போகிறதே? பின்னால் இன்னோர் ஆள் நின்றாலும் அவ்வளவு போகாது. ஆளைவிடக் கனமான, ஆளைவிட ஈரமான ஒன்று வேண்டும்.

உர மூட்டைச் சாக்கில் மலை சரிந்த மண்ணை அள்ளி, தண்ணீர் ஊற்றிச் சேறாக்கி, இழுத்துவந்து நாற்காலிக்குப் பின்னால் நிறுத்தினான். ஏன் அந்த மண்ணை அள்ளினோம் என்று பிறகு யோசித்தான். கிட்டத்தில் கிடந்த மண் அதுதான்.

கோடுகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கடைசியில் ஒன்றுமில்லை.

சாக்கு அவன் இடுப்பளவுக்கு நின்றது. அதன் வாசனை அவனுக்குப் புதிதாக இல்லை. ஒவ்வொரு மாலையும் விறகுப் புகைக்கு அடியில் இதே வாசனை இருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. பிண வாசனை இல்லை. மழைக்குப் பிறகு வெட்டின மண்ணின் வாசனை.

அன்று மாலை மேசையிலிருந்து லேப்டாப்பை எடுத்து அடுப்படிப் பக்கம் வைத்தான். இணைப்பு தெளிவாக இருந்தது. விஜயலெட்சுமி வெங்காயம் நறுக்கிக்கொண்டே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் மூலையிலிருந்த கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு கோடு போனது.

நின்றது. யாரோ நடந்து வந்து, தயங்கி, மறுபடி நடப்பதுபோல.

இன்னொன்று போனது. தரையில் பொடிக்கல் ஒன்று விழுந்து உருண்டது. பிறகு இன்னொன்று. அவன் திரும்பவில்லை. பிடரியில் குளிர். கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கும்போது முகத்தில் அடிக்கிற குளிர்.

மனைவியின் வாய் பாதியில் நின்றது.

இருண்ட திரையில் அவன் முகம் தெரிந்தது. தோளுக்கு மேலே வேறு எதுவும் தெரியவில்லை. ஆனால் வாசனை அங்கேதான் இருந்தது. காதுக்குப் பக்கத்தில். குனிந்து, எட்டி, அவன் பார்த்ததையே பார்த்துக்கொண்டு.

அப்போது அவனுக்குப் பயத்தை மீறி ஒன்று விளங்கிவிட்டது. லேப்டாப்பை எங்கே வைத்தாலும் அது குறுக்கே வந்து நிற்கிறது. ஏனென்றால் அங்கே நின்றால்தான் திரை தெரியும். மறைக்க வரவில்லை. பார்க்க வருகிறது. ரவுட்டர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? தான் வந்து நின்றதால்தான் அம்மாவின் முகம் போகிறது என்று அதற்கு எப்படித் தெரியும்?

மதுஷாவுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது குவைத்துக்குப் போனவள் விஜயலெட்சுமி. கருமாதிகூட இன்னும் நடக்கவில்லை. உடல் கிடைக்காத பிள்ளை, தாய் வந்து தலைக்கு எண்ணெய் வைக்கிற மாதிரி செய்தால்தான் அடங்கும் என்று பெரியவர்கள் சொல்லித் தள்ளி வைத்திருந்தார்கள்.

அவன் அன்று இரவு அழுதான். இராக்கம்மாவுக்குக் கேட்டிருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் இருமலைக்கூட அடக்கிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ஃபெக்டரிக்கு அவன் போகவில்லை. மேசையை ஜன்னலோடு ஒட்டி இழுத்துப் போட்டான். ரவுட்டருக்குக் கீழேயே லேப்டாப்பை வைத்து, திரையை அறையின் உள்பக்கம் பார்க்கத் திருப்பினான். இப்படி வைத்தால் பார்ப்பவர் எவ்வளவு கிட்டே வந்தாலும் அலை வருகிற வழியில் குறுக்கே நிற்க முடியாது. நாற்காலியைத் திரைக்கு எதிரே போட்டான். தான் அதில் உட்காராமல், சுவரோரம், தரையில் உட்கார்ந்துகொண்டான்.

பனி வாசலுக்கு வந்தது. லேப்டாப் அழைத்தது. பொத்தானை அழுத்திவிட்டுச் சுவரோரத்துக்கே திரும்பினான்.

விஜயலெட்சுமியின் முகம் துலக்கமாக வந்தது. "என்னங்க," என்றாள். "எங்க இருக்கீங்க? நாற்காலி சும்மா இருக்கு."

அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு நாற்காலியையே பார்த்தான்.

கல் விழுந்தது. உருண்டது. இன்னொன்று.

வாசனை அவன் காலைக் கடந்து போனது.

நாற்காலியின் நான்கு கால்களும் மெல்ல அகன்றன. பெரிய பாரம் ஒன்று பார்த்துப் பார்த்து உட்காருவதுபோல. இருக்கையிலிருந்து செந்நிறத் தண்ணீர் சொட்டியது.

திரையில் விஜயலெட்சுமியின் பார்வை நாற்காலியிலேயே நின்றது. கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். முகத்தைக் கேமராவுக்கு இன்னும் கிட்டே கொண்டுவந்தாள். அவள் பேசியபோது குரல் தாழ்ந்து, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையிடம் பேசுகிற குரலாக இருந்தது.

"தலையெல்லாம் இப்படி மண்ணா இருக்கே பாப்பா. அப்பா குளிப்பாட்டி விடலயா? இரு. அழாத. அம்மா வாரேன்."

தயாபரன் திரையின் மூலையைப் பார்த்தான். நான்கு கோடும் நிறைந்திருந்தன.

லேப்டாப்பை ரவுட்டரை ஒட்டி வைத்து, திரையை அறைப்பக்கம் திருப்பி, எதிரே உள்ள நாற்காலியை விட்டுக்கொடுக்க வேண்டும். அப்படி வைத்தால் இணைப்பு அறுவதில்லை.