சாரிக்கு ஈடான சொற்கள்

பல் துலக்கி முடிப்பதற்குள் செண்பகவல்லி நாலைந்து பேரிடம் மன்னிப்புக் கேட்டிருந்தாள். அவள் வாயில் நுரை இருந்தது. கேட்டது அவளுடைய வருந்தி.

செவ்வாய்க் கிரகத்தில் செந்திடல் குடியிருப்புக்கு வரும் ஒவ்வொருவருக்கும் காதுக்குப் பின்னால் புளியங்கொட்டை அளவில் வருந்தி என்ற கருவி ஒன்றைப் பதித்துவிடுவார்கள். இடம் அப்படி. குழாய் மாதிரி நடைபாதைகள், பொதுக் குளியலறைகள், ஆளை ஆள் இடிக்காமல் நகர முடியாது. இடித்தவருக்காக அவருடைய வருந்தி பேசும். இடிபட்டவருடைய வருந்தி 'பரவாயில்லை' என்று சொல்லிவிடும். இரண்டு பேரும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தத்தம் யோசனையில் நடந்துகொண்டே இருக்கலாம்.

கால் பட்டால் 'சாரி'. தாமதமாக வந்தால் 'மன்னிக்கணும்'. அடுத்தவர் பங்குத் தண்ணீரைத் தெரியாமல் எடுத்துவிட்டால் 'தப்பு என்மேலதான்'. கல்யாணம் முறிந்தால் அதற்கும் கனமாக, கொஞ்சம் தழுதழுப்போடு ஒன்று. ஒரே சொல்லைக் கேட்டுக் கேட்டு மனிதர்களுக்குப் புளித்துப்போகும் என்பதால், சாரிக்கு ஈடான சொற்களை இடம் பார்த்துப் பொறுக்குகிற அறிவை வருந்திக்கு ஊட்டியிருந்தார்கள். தமிழில் ஊட்டியவள் செண்பகவல்லி. சொல்தேர்வுக் கூடத்தின் தமிழ்ப் பிரிவு அவள் கையில் இருந்தது.

ஊருக்கெல்லாம் சாரி வழங்கியவளுக்கு வரவேண்டிய சாரி ஒன்று மட்டும் வரவில்லை. கோவில்பட்டியிலிருந்த அண்ணன் சோலையப்பன் சொல்லவேண்டியது அது.

அம்மா இறந்த அன்று அவள் செந்திடலில் இருந்தாள். அண்ணன் நினைத்திருந்தால் திரையைப் போட்டு அம்மாவின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை காட்டியிருக்கலாம். எல்லார் வீட்டிலும் அதுதான் வழக்கம். அவர் காட்டவில்லை. எரித்து முடித்து, குளித்து, ஈரத்தலையோடு திரையில் வந்து நின்று, "அம்மா போயிட்டா தாயி" என்றார்.

செண்பகவல்லி கத்தித் தீர்த்தாள். "அவ எனக்கும் அம்மா இல்லையா? ஒரு சாரி சொல்லக்கூட உனக்கு வாய் வரலியாண்ணே?"

அந்தக் கத்தல் பூமிக்குப் போய்ப் பதில் திரும்பிவர அரைமணி நேரம் ஆனது. அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "சாப்பிட்டியா?" என்றார்.

அவள் திரையை அணைத்தாள். அதோடு விடவில்லை. பூமிக்கும் செந்திடலுக்கும் நடுவே பேச்சுச் சல்லடை என்று ஒன்று உண்டு. மின்சாரம் பஞ்சமான இடத்தில் வெட்டிப்பேச்சை வாங்கி அனுப்பக் கட்டுப்படியாகாது என்பதால், உள்ளே வருவதும் வெளியே போவதும் அதில் சலிக்கப்பட்டுத்தான் நகரும். அண்ணனின் பேச்சுக்கு அவள் தனியாக ஒரு கட்டளை போட்டாள்: சாரியோ, அதற்கு ஈடான சொல்லோ இருந்தால் மட்டும் என்னிடம் விடு.

ஈடான சொல் எதையும் சல்லடை தவறவிடாது என்று அவளுக்குத் தெரியும். வருத்தம், மன்னிப்பு, பிழை, பொறுத்துக்கோ, மனசுல வச்சுக்காத என்று அத்தனையும் சல்லடைக்கும் அவளே சொல்லிக்கொடுத்தவை. வருஷங்கள் போயின. ஒன்றும் வரவில்லை. அண்ணன் கல்நெஞ்சன் என்று முடிவுகட்டினாள். ஆனாலும் காலையில் எழுந்ததும் திரையைத்தான் முதலில் பார்ப்பாள்.

அதற்கிடையில் அலுவலகத்தில் ஒரு வேலை வந்தது. தமிழர்களின் பேச்சில் பாதிக்கு மேல் வெற்றுப்பேச்சு, குறைத்துக் கொடுங்கள் என்றார்கள். பார்த்தால் உண்மைதான். வேற்றுக் கிரகம் வந்தும் நம் ஆட்கள் சாப்பிட்டாயா என்று கேட்பதை விடவில்லை. கேட்பவர் சோறு அனுப்பப்போவதும் இல்லை, பதிலால் எந்தக் காரியமும் ஆகப்போவதும் இல்லை. பொருளற்றது என்று செண்பகவல்லி குறித்தாள். அந்தக் கேள்வி மட்டுமே உள்ள செய்திகளைச் சல்லடை அன்றிலிருந்து உமியாக ஊதித் தள்ளியது. உமியை அது சேர்த்துவைப்பதில்லை.

சாவுச் செய்தியை மட்டும் சல்லடை தொடாது. அதனால்தான் மதினி பேச்சியம்மாளின் முகம் ஒருநாள் தடையில்லாமல் திரைக்கு வந்தது.

"செம்பகம், உங்கண்ணன் போயிட்டாரும்மா. நெஞ்சு வலின்னு உக்காந்தாரு, அப்படியே சாஞ்சிட்டாரு."

சொல்தேர்வுக் கூடம் முழுக்க வருந்திகள் பேச ஆரம்பித்தன. ஒன்று 'ஆழ்ந்த இரங்கல்' என்றது, ஒன்று 'உங்கள் துயரில் பங்குகொள்கிறோம்' என்றது. ஒன்று சொன்னதை இன்னொன்று சொல்லவில்லை. அவள் வேலை அவ்வளவு சுத்தம். பக்கத்து இருக்கை தாவூத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சார்பிலும் ஒன்று சொல்லப்பட்டது.

துக்கத்தோடு கோபமும் சேர்ந்து வந்தது அவளுக்கு. "கடைசிவரைக்கும் ஒரு சாரி சொல்லாமலே போயிட்டாரே மதினி" என்று அனுப்பினாள்.

அரைமணி கழித்துப் பதில் வந்தது. மதினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நானும் சொல்லிப் பார்த்தேம்மா. ஒரு சாரி சொல்லிருங்க, சின்னப்பிள்ள மனசு ஆறிரும்னு. 'பஸ்ஸுல கால மிதிச்சவன் சொல்லுறத கூடப்பொறந்தவகிட்ட சொல்லச் சொல்றியா'ன்னாரு. அத்த முகத்த ஏன் காட்டலைன்னு கேட்டேன். 'பாத்துட்டு அது அங்கன ஒத்தையில அழும், புடிச்சுக்க ஆளில்ல'ன்னாரு. ஆனா தெனமும் விடிஞ்சதும் உங்கிட்டதானம்மா மொதப் பேச்சு. சாப்பிட்டியான்னு கேட்டுட்டு, பதில் வருதான்னு திரையையே பாத்துக்கிட்டு இருப்பாரு. நேத்தும் கேட்டாரு. நீதான் ஒருநாளும் பேசலியே."

செண்பகவல்லி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சின்ன வயதில் அண்ணனோடு எத்தனை சண்டை. ஒன்றிலாவது யாரும் மன்னிப்புக் கேட்டதாக நினைவில்லை. பொழுது சாய்ந்ததும் அண்ணன் வந்து "சாப்பிட்டியா?" என்பார். அவள் இல்லை என்பாள். சேர்ந்து உட்காருவார்கள். சண்டை அங்கே முடிந்துவிடும். சாரிக்கு ஈடான சொற்களைத் திரட்டியபோது இது அவள் நினைவுக்கே வரவில்லை.

காதுக்குப் பின்னால் வருந்தி விழித்துக்கொண்டது. மதினிக்கு அனுப்ப நேர்த்தியான மன்னிப்பு ஒன்று தயாராக இருப்பதாகச் சொன்னது. அவள் அதை அணைத்தாள்.

திரையில் மதினியின் முகம் வாடிக் கிடந்தது. உதடு காய்ந்திருந்தது. அந்த வீட்டில் இன்று அடுப்பு எரிந்திருக்காது. பல வருஷங்களுக்குப் பிறகு, தன் வாயாலேயே கேட்டாள்.

"மதினி, சாப்பிட்டீங்களா?"

அனுப்பும் விளக்கு பச்சையாகவில்லை. சல்லடை பணிவான குரலில் பேசியது.

"இந்தச் செய்தியில் பொருள் எதுவும் இல்லை. அனுப்ப இயலாது. சாரி."