நீலக் கேன் கட்டிய விரால்

"யோவ்! யாருய்யா அது? எங்க கெணத்துல இன்னா பண்ற?"

குரல் மேலேயிருந்து இடி மாதிரி விழுந்தது. செழியன் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்கிற நிலைமையில் அவன் இல்லை. இரண்டு கைகளும் மோட்டார் பைப்பைக் கட்டிப்பிடித்திருந்தன. கண்கள் இறுக மூடியிருந்தன. முதுகில் நைலான் கயிற்றால் கட்டிய காலி நீலக் கேன் வேறு அவனைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது.

"உன்னத்தான்யா! பைப்ப வுடு... புது மோட்டாரு!"

"வுட்டா... செத்துருவேங்க!"

கலகலவென்று ஒரு சிரிப்பு, கிணற்றின் நாலு சுவரிலும் மோதி மோதி இறங்கி வந்தது. செழியன் பயந்து பயந்து ஒரு கண்ணைத் திறந்தான்.

விடிகாலைத் தூறல். கரும்புத் தோட்டத்தை ஒட்டிய கிணற்று மேட்டில் டிராக் பேண்டும் தொளதொள டி-ஷர்ட்டுமாக ஒரு பெண் நின்றிருந்தாள். இமையில் மழைத்துளி நிற்கிற அளவுக்குப் பெரிய கண்கள்... அந்தக் கண்கள் முதலில் முறைத்தன, பிறகு அவன் முதுகைப் பார்த்தன, பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் நிறைந்தன. ஒரு மனிதன் தன் வாழ்க்கையில் முதல்முறை ஒரு பெண்ணைப் பார்த்து மயங்கும்போது முதுகில் கேனோடு இருக்க வேண்டும் என்று எந்தச் சாமி எழுதி வைத்ததோ!

"பாவாடை ஐயாதாங்க வரச் சொன்னாரு... அவருக்கு முட்டி வலி... நான் பிசியோதெரபி..."

"ஓ! அப்பாவுக்குக் கரண்டு வெக்கிற டாக்டரா?" அவள் சரசரவென்று படியிறங்கி வந்தாள். "நான் அவரு பொண்ணு. செந்தமிழ்ச்செல்வி."

"இம்மாம் நீளமாவா! முழுகறப்ப கூப்பிட்டா பாதி பேருலயே முடிஞ்சிடுவேங்க."

"அப்ப செல்வின்னே கூப்புடுங்க. உசுரு முக்கியம்."

அவன் ஏன் இந்தப் பாடு படவேண்டும் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்தவன் அவன். அங்கே இருப்பதெல்லாம் முழங்கால் அளவு ஓடை. அதில் நீந்துவது எப்படி? படித்து முடித்துக் கள்ளக்குறிச்சியில் வேலைக்குச் சேர்ந்தவன், எட்டு மாதம் முன்பு 'குளத்தங்கரை' என்ற இணைய மன்றத்தில் தற்செயலாக நுழைந்தான். நீச்சல் பைத்தியங்கள் கூடும் இடம் அது. அங்கே யாரும் ஊரோ பேரோ சொல்லக்கூடாது, எல்லோரும் மீன் பெயர்தான் வைத்துக்கொள்ள வேண்டும். 'கெளுத்தி' என்று ஒருத்தி, நீந்தினால் தோள் வலிக்கிறது என்று எழுதியிருந்தாள். தோள் வலி அவனுடைய தொழில். 'விரால்' என்ற பெயரில் பதில் போட்டான்: கை தலைக்கு முன்னால் விழக்கூடாது, தோளுக்கு நேராக விழவேண்டும்.

பத்தே நாளில் வலி போயே போச்சு! 'மாஸ்டர்!' என்று கும்பிட்டாள் கெளுத்தி. அயிரையும் ஜிலேபியும் சேர்ந்துகொண்டார்கள். மாஸ்டர், மூச்சு வாங்குதே? மாஸ்டர், கால் முழுகுதே? அவன் புத்தகம் படித்தான், வீடியோ பார்த்தான், எலும்பையும் தசையையும் யோசித்தான், எழுதினான். எழுதியதெல்லாம் பலித்தது. எனக்கு நீந்தத் தெரியாது என்று சொல்ல நல்ல சமயம் பார்த்துக்கொண்டே இருந்தான், அந்தச் சமயம் மட்டும் வரவே இல்லை.

இப்போது கெளுத்திக்குச் சேலத்தில் ஐம்பது மீட்டர் போட்டி. இரண்டே வாரம் இருந்தது. 'நீங்க கரையில நின்னாதான் குதிப்பேன் மாஸ்டர். போட்டி முடிஞ்சதும் எல்லாரும் சேர்ந்து நீந்தறோம்' என்று எழுதிவிட்டாள். அவள் முகம்கூடத் தெரியாது. ஆனால் அவள் ஒருநாள் எழுதாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. அவள் முன்னால் மூழ்கி மானம் போவதற்குப் பதிலாக இந்தக் கிணற்றிலேயே மூழ்கி மூழ்கிப் பழகிவிடலாம் என்றுதான் கேனைக் கட்டியிருந்தான்.

"பைப்ப வுடுங்க டாக்டர்," என்றாள் செல்வி, தண்ணீரில் அலுங்காமல் மிதந்துகொண்டு. "தண்ணிகிட்ட மல்லுக்கட்டாதீங்க. அதுக்கு நாள் பூரா வேல இல்ல, நமக்கு இருக்குது."

செழியனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவன் எழுதிய வரி. அப்படியே, ஒரு சொல் மாறாமல்!

"இது... யாரு சொன்னது?"

"எங்க மாஸ்டர். நெட்டுல இருக்காரு. வெரால்னு பேரு." அந்தப் பெயரைச் சொல்லும்போது அவள் முகம் அப்படிப் பூத்தது. "தங்கமான மனுசன். தண்ணியிலயே பொறந்திருப்பாருன்னு நெனைக்கிறேன்... அட, இன்னா டாக்டர், மெதக்கறீங்க!"

அதிர்ச்சியில் பைப்பை விட்டிருந்தான். உண்மையாகவே மிதந்தான். அது தெரிந்த அடுத்த நொடி மூழ்கினான்.

கெளுத்தி இவள்தானா... தினமும் அவனோடு வாயாடுகிற கெளுத்தி! சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்றது மனசு. எதைச் சொல்வது? தண்ணீரிலேயே பிறந்த உன் மாஸ்டரைத்தான் இப்போது சட்டையைப் பிடித்துத் தூக்கினாய் என்றா? நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டான்.

நாளை நாளை என்று பத்து நாள் ஓடின. எப்படிப்பட்ட நாட்கள்! காலையில் கிணறு. "டாக்டர், மாடு சேத்துல மிதிக்கிற மாதிரி ஒதைக்காதீங்க, இடுப்புலேர்ந்து கால் வரணும்." "அது மாஸ்டர் சொன்னதா?" "ஆமா. ஒங்களுக்கு இன்னா, அவரு மேல பொறாமையா?" "ஜாஸ்திங்க..." என்பான் அவன், பொய்யே இல்லாமல். தன்மேலேயே பொறாமைப்பட்டவன் இந்த ஜில்லாவில் அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

மத்தியானம் குளத்தங்கரை.

'மாஸ்டர், ஒருத்தருக்கு நீச்சல் சொல்லித் தர்றேன். கால் முழுகுது, பயம் போக மாட்டேங்குது, ஆனா முழுகும்போதுகூட நன்றி சொல்றாரு. என்ன செய்யட்டும்?' என்று கேட்டாள் கெளுத்தி.

'யாரந்த ஒருத்தர்?' மூக்கை நுழைத்தது அயிரை.

'முழுகும்போதுகூட நன்றி சொல்லிட்டு முழுகறாராமே? அப்போ நல்ல பையன்தான்' என்றது ஜிலேபி.

செழியன் கிளினிக்கில் இரண்டு முதுகுவலிகளுக்கு நடுவே, வாயெல்லாம் சிரிப்பாக, யோசிக்காமல் தட்டிவிட்டான்: 'முதலில் முதுகிலிருந்து அந்த நீலக் கேனைக் கழற்றச் சொல்லுங்கள். அவர் அதைத்தான் நம்புகிறார், உங்களை நம்பவில்லை.'

மறுநாள் காலை அவள் தண்ணீரில் இறங்கவில்லை. மேல்படியில் போனோடு உட்கார்ந்திருந்தாள். தூறல் நின்றிருந்தது.

"நான் கேன்னே எழுதல," என்றாள்.

செழியன் கயிற்று முடிச்சில் கை வைத்தபடி நின்றான்.

"நீலம்னும் எழுதல. முதுகுலன்னும் எழுதல. வெராலுக்கு எப்டி தெரிஞ்சுது?"

"செல்வி... நான் சொல்லணும்னுதான்..."

"எப்ப? எட்டு மாசமா என் வலி, என் பயம், எல்லாம் ஒங்ககிட்ட கொட்டினேன். ஸ்கூல்ல பி.டி. பீரியட்ல எங்க மாஸ்டர் எங்க மாஸ்டர்னு புள்ளைங்ககிட்ட பீத்திக்கினு திரியறேன். தண்ணியிலயே எறங்காத ஆள நம்பியா நான் சேலத்துல குதிக்கப்போறேன்?" போனைப் படியில் கவிழ்த்து வைத்தாள். "பத்து நாளா இங்க நின்னு, ஒங்க வாய்ச்சொல்லயே நான் ஒங்களுக்குச் சொல்லிக்கினு இருந்தேன். உள்ளுக்குள்ள நல்லா சிரிச்சீங்களா?"

"சிரிக்கலங்க! சத்தியமா..."

"போயிடுங்க டாக்டர்."

கேனைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டுப் போனான். செல்வியின் ஊரான தியாகதுருகத்திலிருந்து கள்ளக்குறிச்சி வரைக்கும் பஸ்ஸில் உட்காரவே தோன்றவில்லை, கம்பியைப் பிடித்தபடியே வந்தான். கிளினிக்குக்குள் நுழையும் முன் குளத்தங்கரையில் எழுதினான்.

'எனக்கு நீந்தத் தெரியாது. ஒருநாளும் தெரிந்ததில்லை. நான் உடம்பு வைத்தியம் பார்ப்பவன். உங்கள் தோளையும் இடுப்பையும் பற்றி எழுதியது நிஜம், தண்ணீரைப் பற்றிப் பேசியது இரவல். நீங்கள் மாஸ்டர் என்று கூப்பிட்டது பிடித்திருந்தது, அதனால் வாயைத் திறக்கவில்லை. கெளுத்தி, உன் கையும் காலும் மூச்சும் உன் உழைப்பு. அதில் என் பொய் ஒட்டவே இல்லை. சேலத்தில் குதி. எல்லோரும் மன்னியுங்கள்.'

குளம் கலங்கிப்போனது! 'யோவ் விரால், நீ கருவாடாய்யா!' என்றது அயிரை. 'தண்ணி காட்டறதுன்னா இதுதானா மாஸ்டர்!' என்றது ஜிலேபி. 'அது போகட்டும், என் முட்டிக்கு என்ன செய்யட்டும், அதைச் சொல்லு' என்று மூன்றாவதாக ஒரு கெண்டை. திட்டித் தீர்த்துவிட்டு எல்லோரும் மன்னித்துவிட்டார்கள். கெளுத்தி மட்டும் வாயே திறக்கவில்லை. ஒருநாள்... இரண்டு நாள்...

வெள்ளிக்கிழமை அவன் லீவு போட்டுவிட்டு மலைக்குப் போய்விட்டான். அம்மா செங்கம்மாள் சாமைச் சோறு போட்டாள். அவன் அதைப் பிசைந்துகொண்டே இருந்தான். "ஏன்டா, கீழ யாரையாச்சும் தொலச்சிட்டு வந்தியா?" என்று கேட்டாள் அம்மா.

சனிக்கிழமை காலை பஸ் நிறுத்தத்துக்கு நடந்தான். ஊரிலேயே அங்கேதான் போனுக்கு டவர் கிடைக்கும். நாளைக்குப் போட்டி. அவளிடமிருந்து ஒரு வரி, திட்டியாவது ஒரு வரி வந்திருக்காதா? வரவில்லை. கச்சிராயபாளையத்திலிருந்து ஏறி வந்த பஸ்தான் வந்தது. கதவு திறந்ததும் முதல் ஆளாக ஒரு பெண் குதித்தாள், ஓடிப்போய் வேலியோரம் குனிந்து வாந்தி எடுத்தாள்.

முகம் வெளிறி, கண்ணில் நீர் வழிய நிமிர்ந்தவளை நோக்கி அவன் ஓடினான்.

"செல்வி!"

"கிட்ட வராதீங்க... ஒலகமே சுத்துது. ஒங்க கிளினிக்குல ஊரக் கேட்டுக்கினு வந்தேன், எத்தினி வளைவுய்யா ஒங்க மலையில! சத்தியமா செத்துட்டேன்னு நெனச்சேன்."

"மூச்ச இழுத்துப் புடிக்காதீங்க. மெல்ல வெளிய வுடுங்க. தூரமா, ஒரே எடமா பாருங்க... ம்... அப்டித்தான்."

அவள் அப்படியே செய்தாள். நாலு மூச்சில் முகத்தில் ரத்தம் திரும்பியது. பிறகு அவனை முறைத்தாள். "பாருங்க, இப்பவும் ஒங்க பேச்சத்தான் கேக்கறேன். மூணு நாளா ஒங்கள மறந்துட்டு நீந்திப் பாத்தேன். முடியல. மூச்சு வுடறப்பல்லாம் நீங்கதான் வர்றீங்க. எரிச்சலா இருக்குது."

வழியிலிருந்த ஓடைக்கு அவளை முகம் கழுவ அழைத்துப்போனான். தண்ணீர் கூழாங்கல்லின் மேல் சலசலத்து ஓடியது. அவள் பேண்டை மடித்துக்கொண்டு நடு ஓடையில் போய் நின்றாள். முழங்கால் வரைக்கும்தான் வந்தது.

"இதுலதான் வளந்தீங்களா? இதுல முழுகறது ரொம்ப கஷ்டம் டாக்டர்."

"ஒங்க முன்னால நின்னா, இதுலயும் முழுகறேன்."

அவள் குனிந்துகொண்டாள். காது மடல் சிவந்தது அவனுக்குத் தெரிந்தது.

"ஒண்ணு சொல்லட்டா?" என்றாள், தண்ணீரைக் காலால் அளைந்தபடி. "பத்து நாளா எனக்குள்ள பெரிய ரோதன. ஒரு பக்கம் மாஸ்டர். முகம் தெரியாது, ஆனா அவரு சொல்லு இல்லாம நாள் நகராது. இன்னொரு பக்கம் கேன கட்டிக்கினு, முழுகறப்பகூட தேங்க்ஸ் சொல்ற ஒரு ஆளு. ரெண்டு பேரையும் மனசுல வெச்சிக்கினு... நீ இன்னா பொண்ணுடின்னு என்னயே திட்டிக்கினு இருந்தேன். ரெண்டும் ஒரே ஆளுன்னு தெரிஞ்சப்ப மொதல்ல கோவம் வர்ல. அப்பாடான்னு இருந்துச்சு. அப்பறம்தான் கோவம் வந்துச்சு... என்ன இம்மாம் தவிக்க வுட்டுட்டானேன்னு."

மேலே மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. செழியன் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடையில் இறங்கினான். இந்த முறை சமயம் பார்க்கவில்லை.

"செந்தமிழ்ச்செல்வி," என்றான்.

ஓர் எழுத்தும் விடாமல், முழுசாக. அவன் அவளை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல்முறை.

அவள் நிமிர்ந்தாள். "பாதி பேருலயே முடிஞ்சிடுவேன்னீங்க?"

"முடிஞ்சிட்டேங்க. எட்டு மாசம் முன்னாடியே. ஒங்கள எனக்கு அவ்ளோ புடிச்சிருக்கு. பேரு தெரியாதப்பவே புடிச்சிது, முகம் பாத்தப்பறம் சொல்லத் தெரியல. ஒங்ககிட்ட சின்னவனா தெரிஞ்சிடுவேனோன்னு பயந்துதான் மறச்சேன். இனிமே எதயும் மறைக்க மாட்டேன்."

பெரிய கண்கள் நிறைந்தன. மழை ஒரு துளி, இரண்டு துளி என்று ஆரம்பித்து, சடசடவென்று பிடித்துக்கொண்டது. இருவரும் நகரவில்லை.

"நாளைக்கு சேலத்துல கரையில நிப்பீங்களா?"

"நிப்பேன்."

"திங்கக்கெழம காலையில கெணத்துக்கு வருவீங்களா? கேன் இல்லாம?"

"கேன் இல்லாமயா..." அவன் கை தானாக முதுகைத் தடவியது. "பைப்பாவது..."

"பைப்பும் கெடயாது." அவள் ஈரக் கையை நீட்டினாள். "இதப் புடிச்சிக்குங்க. நான் வுட மாட்டேன்."

செழியன் பிடித்துக்கொண்டான். பஸ் திரும்பிப் போகும் ஹாரன் சத்தம் கேட்டது. அடுத்த பஸ் சாயங்காலம்தான் என்று அவளுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தான், சொல்லவில்லை.