சாக்கில் ஏறிய மீன்கள்

அந்தச் சனிக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில் இருந்தவர்கள்: ஆற்றைப் பார்த்த பக்கம் என் அண்ணன் லோபாகா. அங்கே உட்கார்ந்தால்தான் ஆற்றில் அவர் போட்ட குழாய் கண்ணில் படும். அவருக்குப் பக்கத்தில் மோமி அண்ணி, சேப்பங்கிழங்குக் களிச் சட்டியோடு. எதிரே நான், பேனாவும் தாளுமாக. மேசைக்கு அடியில் நாய். ஓரத்தில் கவிழ்த்துப் போட்ட வாளி, என் அக்கா மகள் கவேனாவின் இடம். அதில் அவள் இல்லை.

"ஆத்துக்குள்ள நிக்குறா," என்றார் அண்ணி. "காலையில வயல்ல களை எடுக்கச் சொன்னா இடுப்பு வலின்னா. இப்போ குனிஞ்சவ நிமிரவே இல்ல. வலி எங்க போச்சோ."

அண்ணன் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டிருந்தேன். கவேனாவுக்கு அவர் மாமா. எங்கள் பள்ளத்தாக்கில் சின்னவர் பெரியவர் எல்லாருமே அவரை மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

கடிதம் எங்கள் தம்பி கெயாவேக்கு. அவன் எங்கள் மொலோகாய் தீவின் அந்தக் கோடியில் இருக்கிறான். மழைக்காலத்தில் எங்கள் ஆற்றைக் கடக்கும் வண்டிகள் சேற்றில் புதைந்துவிடும். போன கோடையில் மாமா ஒரு பெரிய சிமெண்டுக் குழாயை ஆற்றில் போட்டு, மேலே கல்லும் மண்ணும் கொட்டிப் பாதை அமைத்தார். ஆறு குழாய்க்குள் ஓடும், வண்டி மேலே ஓடும். கெயாவேயும் அடுத்த வாரம் அவன் ஆற்றில் அப்படியே போடப் போகிறான். எப்படிப் போடுவது என்று கேட்டிருந்தான்.

"எழுது," என்றார் மாமா. "குழாயை உயரமா வை. அப்பத்தான் இலை தழை அடைக்காது. என்னோடது ஒரு முழம் உயரம். தண்ணி அருவி மாதிரி விழுது. சத்தமே தனி அழகு."

"'சத்தமே தனி அழகு'ன்னும் எழுதணுமா?"

"அதுதான் முக்கியம்."

தாளின் கீழே அவரே ஒரு படம் வரைந்திருந்தார். குழாய் சின்னதாக இருந்தது. பக்கத்தில் இடுப்பில் கை வைத்து நின்ற மாமா பெரியதாக இருந்தார்.

அப்போது கவேனா சொட்டச் சொட்ட ஓடி வந்தாள்.

"மாமா, குட்டி ஓஓபு மீனுங்க வந்திருக்கு. உங்க குழாய்க்குக் கீழ ஆயிரக்கணக்குல நிக்குது."

"குழாயைப் பார்க்க வந்திருக்கும். யார்தான் வரல?"

"மேல போக முடியாம நிக்குது மாமா. வக்காக் கொக்கு ஒண்ணு பக்கத்துலயே நின்னு கொத்திக் கொத்தித் தின்னுது."

மாமா சிரித்தார். "ஓஓபுவா மேல போக முடியாம நிக்குது? பள்ளத்தாக்குக்குத் தலைமாட்டுல விழற அருவியையே ஏறுற மீனுடி அது. அதுக்கு என் குழாய் ஒரு பெரிசா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஓஓபு வளர்ந்தாலும் ஒரு விரல் நீளம்தான். ஆனால் அது செய்கிற வேலையை வேறெந்த மீன் செய்யும்? அருவிக்கு மேலே, பெரிய மீன்கள் வர முடியாத இடத்தில் அது முட்டையிடும். பொரிந்த குஞ்சுகள் நூலிழை போல இருக்கும்; ஆறு அவற்றைக் கடலுக்கு அடித்துக்கொண்டு போய்விடும். கடலில் மாதக்கணக்கில் வளர்ந்து, கண்ணாடி போன்ற உடம்போடு ஆற்றுக்குத் திரும்பி வரும். அப்போதும் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியதாக இருக்கும். அதன் வயிற்றுத் துடுப்புகள் ஒன்றாகச் சேர்ந்து ஒரு குட்டிக் கிண்ணம் போல இருக்கும். அந்தக் கிண்ணத்தால் பாறையைப் பற்றிக்கொண்டு, தென்னை மரங்களை ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்தினாலும் எட்டாத அருவியில் ஏறிவிடும்.

கவேனா மூடியிருந்த கையைத் திறந்தாள். உள்ளே கொஞ்சம் தண்ணீர், ஒரு குஞ்சு. கையைச் செங்குத்தாக நிமிர்த்தினாள். தண்ணீர் வழிந்துவிட்டது. மீன் விழவில்லை. ஈரக் கையில் ஒட்டிக்கொண்டு மணிக்கட்டை நோக்கி நெளிந்தது.

"ஏறும் மாமா. ஆனா ஏறச் சுவர் வேணும். உங்க குழாயோட வாய் வெளியே நீட்டிட்டு இருக்கு. அதுக்குக் கீழ வெறும் காத்துதான். காத்துல எப்படி ஏறும்?"

மாமா களிச் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"கடிதத்தை முடி," என்றார் மாமா என்னிடம். "மோமி ஊருக்குக் கிளம்பணும். தபாலாபீஸ் மூடிடுவான்."

கவேனா வாதாடவில்லை. குஞ்சை ஆற்றில் விட்டுவிட்டு, கிழங்கு அள்ளும் பழைய கோணிச்சாக்கு ஒன்றை எடுத்தாள். குழாயின் வாய்க்குள், நட்டநடுவில் அதை வைத்து மேலே ஒரு கல்லை வைத்தாள். தண்ணீர் ஒரே தள்ளில் சாக்கையும் கல்லையும் வெளியே வீசியது. நாய் பாய்ந்து போய்ச் சாக்கைக் கவ்விக்கொண்டு வந்தது. மறுபடியும் வைத்தாள். மறுபடியும் நாய் போனது. அது இதை விளையாட்டென்றே நினைத்துவிட்டது.

நான் உறையில் முகவரி எழுதிக்கொண்டே பார்த்தேன். கவேனா சாக்கைக் கீழே போட்டுவிட்டுத் தலைமாட்டு அருவியை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மேசைக்கு வந்தாள்.

"மாமா, அருவியில மீன் நடுவுல ஏறாது, இல்ல? ஓரமாத்தானே ஏறும்?"

"ஆமா. நடுவுல ஏறினா கடல்லதான் போய் விழும்."

"அப்போ சாக்கையும் ஓரமாத்தான் தொங்க விடணும். தண்ணி மெல்லிசா வழியிற பக்கம். எங்க கட்டினா நிக்கும்? குழாயை வெச்சது நீங்கதானே, உங்களுக்குத்தான் தெரியும்."

மாமா களியை ஒரு விரலால் வழித்து வாயில் போட்டார். குழாயைப் பார்த்தார். அந்த வக்காவையும் பார்த்தார். அது கழுத்தைச் சுருக்கிக்கொண்டு, சாப்பிட்ட களைப்பில் அங்கேயே நின்றது.

"படகுக் கயிறு எங்க?" என்று எழுந்தார். "எனக்குத் தெரியாம என் குழாய்ல ஒருத்தர் முடிச்சுப் போடறதா?"

குழாயின் நீட்டிய கழுத்தைச் சுற்றிக் கயிறு கட்டினார். சாக்கு அதிலிருந்து ஓரமாகத் தொங்கியது. அடிநுனி தண்ணீருக்குள் இறங்கியது. கவேனா அதன்மேல் கல்லை வைத்து அழுத்தினாள். மெல்லிய நீர் சாக்கை நனைத்தபடி வழிந்தது. வக்கா கோபமாகக் கத்திவிட்டுப் பறந்தது.

ஒன்றும் நடக்கவில்லை.

"சாக்கு நாறுதோ என்னவோ," என்றார் மாமா.

"ஷ்," என்றாள் கவேனா.

ஒரு குஞ்சு சாக்கின் அடியைத் தொட்டது. ஒட்டியது. உடம்பை ஒரு வெட்டு வெட்டி மேலே வந்தது, நின்று இளைப்பாறியது. மறுபடி ஒரு வெட்டு. பாதி தூரம் வந்ததும் வழுக்கிக் கீழே போனது.

"அட, அட," என்று மாமா முனகினார். குழாயின் மேல் குப்புறப் படுத்துத் தலையைத் தொங்கப்போட்டிருந்தார். தொப்பி ஆற்றில் விழுந்து மிதந்து போனதை அவர் கவனிக்கவில்லை. நாய் கவனித்தது.

அடுத்த குஞ்சு ஏறியது. கண்ணாடி உடம்புக்குள் இதயம் துடிப்பது தெரிந்தது. விளிம்பில் ஒரு நிமிடம் தயங்கியது. பிறகு குழாய்க்குள் நுழைந்து, ஓடுகிற தண்ணீரை எதிர்த்துப் போய் மறைந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் ஒரு வரிசையே.

"என்ன மீனுடா இது," என்றார் மாமா மெதுவாக.

அண்ணி கரையிலிருந்து கூப்பிட்டார். "சாப்பாடு காயுது. வரீங்களா, உங்க பங்கை நாய்க்கு வைக்கட்டுமா?"

"வை, வை. நீ இங்க வந்து பாரு."

வெகுநேரம் கழித்து மேசைக்கு வந்த மாமா, நான் ஒட்டவிருந்த உறையைக் கையிலிருந்து வாங்கினார்.

"அந்த ஒரு முழம் உயரத்தை அடிச்சிடு."

அடித்தேன். "'தப்பா வெச்சுட்டேன்'னு எழுதட்டுமா?"

"'உயரமா வெச்சுட்டேன்'னு எழுது. அது போதும்." கொஞ்சம் யோசித்தார். "குழாயோட அடிப்பக்கம் ஆத்துத் தரைக்குள்ள புதையணும், தண்ணி எங்கயும் அந்தரத்துல விழக்கூடாதுன்னு எழுது. இலை அடைச்சா கையால எடுத்துப் போடட்டும், என்ன குறைஞ்சிடும்? வேனில்ல தண்ணி வத்தினதும் நானும் இறக்கிடறேன். அதுவரைக்கும் சாக்கு."

"தனி அழகு?"

"அதையும் அடி."

கவேனா படத்தில் சாக்கை வரைந்தாள். அதன்மேல் ஒரு குட்டி மீனையும் வரைந்தாள்.

மாமா எட்டிப் பார்த்தார். "இவ்ளோ சின்னதாவா? என்னைவிடப் பெரிசாப் போடு."

இடம் போதவில்லை. மீனின் வால் தாளின் பின்பக்கத்துக்குப் போனது.

உறையின் பசை காய்ந்துபோயிருந்ததால் கவேனா சட்டியிலிருந்து ஒரு விரல் களியை எடுத்துத் தடவி, இரண்டு கையாலும் அழுத்தி ஒட்டினாள். அண்ணி கடிதத்தை வாங்கி முன்கண்ணாடி ஓரம் செருகிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். வண்டி ஆற்றைத் தாண்டி ஊர்ப்பக்கம் போனது. அதன் சக்கரங்களுக்குக் கீழே, குழாய் இருட்டில், குட்டி ஓஓபுகள் மலைப்பக்கம் போய்க்கொண்டிருந்தன.