ஐந்து துவாரங்கள்

வெளியே வேப்ப மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. கரண்ட் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. ஆனாலும் மயிலாளின் புது வீட்டுக் கூடத்தில், பாயில் படுத்திருந்த ஜெயசுதாவின் நெற்றியில் விழுந்த முடியைக் காற்று மெல்ல விலக்கியது, நின்றது, மறுபடி விலக்கியது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவளுக்குப் புலப்பட்டது. அவள் மூச்சை இழுக்கும்போது காற்று வருகிறது. அவள் விடும்போது நின்றுவிடுகிறது.

எழுந்து உட்கார்ந்தாள். ஏதோ பிரமை என்று நினைத்துக்கொண்டாள்.

மயிலாள், ஜெயசுதாவின் கொழுந்தன் குமாரவேலின் மனைவி. அவிநாசிபாளையத்துத் தோட்டத்தில் இருவரும் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு இது. சூளையில் சுடாத மண் கற்கள், கடுக்காய்த் தண்ணீர் சேர்த்து அரைத்த சுண்ணாம்புப் பூச்சு, பெயின்ட் வாடையே தெரியாத சுவர்கள். கிணற்றடியிலிருந்து மண்ணுக்கடியில் குழாய் பதித்திருந்தார்கள். அதன் வழியே குளிர்ந்த காற்று கூடத்தின் தரையோரம் இருந்த ஐந்து துவாரங்களில் வந்து இறங்கும். ஏசி வேண்டாம், ஃபேன்கூட வேண்டாம்.

"ஊடு தானா மூச்சு உடுதுங்க்கா" என்று வருகிறவர்களிடமெல்லாம் மயிலாள் சொன்னாள்.

திருப்பூரில் ஜெயசுதாவின் மார்பிள் வீட்டில் மூன்று ஏசி. மின்வெட்டு வந்தால் அது வெந்து கிடக்கும். அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். அவளைத் தின்றது வேறு. எட்டு வயது மகள் சௌமியாவுக்குப் பிறந்ததிலிருந்தே மூச்சிழுப்பு. கீழ்த்தளத்தில் பனியன் கம்பெனி. பஞ்சுத் தூசி படிக்கட்டேறி வரும். இழுப்பு வரும் இரவுகளில் குழந்தை அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடியும்வரை விடாது. இந்த வீட்டுக்கு லீவுக்கு வந்த பத்து நாளில் ஒருமுறைகூட இழுப்பு வரவில்லை.

நேற்று சௌமியா மயிலாளின் மடியில் சாய்ந்தபடி சொன்னாள். "அம்மா, நான் சித்தி ஊட்லயே இருந்துக்கறனுங்க."

"இருக்கட்டும் உடுங்க்கா" என்றாள் பிள்ளையில்லாத மயிலாள். "நம்ம புள்ளைதானுங்க."

ஜெயசுதா சிரித்தாள். மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

இன்று காலை எல்லோரும் அவிநாசி கோயிலுக்குப் போனபோது, தலைவலி என்று இந்தப் பாயில் படுத்து அவள் மட்டும் தங்கிக்கொண்டாள். சமையலறை மூலையில், தரை துடைக்க வைத்திருந்த பனியன் வேஸ்ட் மூட்டை இருந்தது. இப்போது எழுந்து போய் அதை இழுத்து வந்தாள். ஒரே ஒரு தடவை இழுப்பு வரட்டும். பிள்ளை அம்மாவைத் தேடும். அவ்வளவுதான்.

முதல் துவாரத்தில் துணியைத் திணித்தாள். இரண்டாவது. மூன்றாவதில் விரலைத் தாண்டிய காற்று வெதுவெதுப்பாக இருந்தது. கிணற்றுக் குளிர் எங்கே போனது? நான்காவதில் ஈரம். ஐந்தாவதை உள்ளங்கையால் அழுத்தி அடைத்தாள்.

கூடம் அமைதியானது.

பிறகு சுவருக்குள் அது கேட்டது. மெல்லிய விசில். தொண்டையில் சளி கட்டிய குழந்தை மூச்சுக்குத் தவிக்கிற சத்தம். எட்டு வருடம் காதோரம் கேட்ட சத்தம். அவளுக்குத் தெரியாதா?

"சௌமி!"

சௌமியா அவிநாசியில் இருக்கிறாள். கோயிலில். இருக்கிறாளே!

விசில் உயர்ந்தது. சுண்ணாம்புச் சுவர் உள்வாங்கியது. விலா எலும்புகளைப் போல மண் கற்களின் வரிசைகள் புடைத்தெழுந்தன. ஜெயசுதா பாய்ந்து துணியைப் பிடுங்கினாள். வந்தது. சூடாக. எச்சில் நூலாக ஒழுக. இன்னொன்று. இன்னொன்று. கடைசியையும் பிடுங்கினாள்.

சத்தம் நின்றது.

காற்று திரும்பியது. இந்த முறை வெளியே வரவில்லை. இழுத்தது. அவள் புடவைத் தலைப்பை. முடியை. வாயை. நெஞ்சில் இருந்ததெல்லாம் ஒரே இழுப்பில் போனது. மறுபடி இழுக்கப் பார்த்தாள். முடியவில்லை. விழவும் இல்லை. சுவரில் முதுகு ஒட்டியபடி நின்றாள்.

வாசலில் கார் வந்து நின்றது. சௌமியா திருநீற்று நெற்றியுடன் ஓடிவந்தாள். சுவரோரம் நின்ற அம்மா அவள் கண்ணில் படவே இல்லை, தாண்டி ஓடினாள். குப்புறப் படுத்து, துவாரத்தில் முகத்தை வைத்தாள்.

"சித்தி, வந்து பாருங்க! காத்து அம்மா வாசமா வருதுங்க."

மயிலாளும் குனிந்து மோந்தாள். "ஆமா கண்ணு" என்று கண்ணை மூடிச் சிரித்தாள். பிறகு கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். "அக்கா எங்கீங்க?"

அவர்களுக்கு இரண்டடி பின்னால், திறந்த வாயுடன், அசையாத மார்புடன், ஜெயசுதா கண் இமைத்தாள். துவாரத்திலிருந்து வெதுவெதுப்பான காற்று மகளின் கன்னத்தில் வந்து, நின்று, மறுபடி வந்தது.