செவ்வாயில் மணி நான்கு

டங்... டங்... என்று கடிகாரம் அடிக்கத் தொடங்கியபோது பாவாயி பள்ளிக்கூடக் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். ஒன்பது அடித்து ஓய்ந்தது.

செவ்வாயில் இன்னும் ஒன்பது ஆகவில்லையே!

ஈரக் கையோடு அறிவியல் கண்காட்சி அறைக்கு ஓடினாள். அவளுடைய மேசைமேல் 'பூமி' என்று எழுதிய அலாரக் கடிகாரம் இருந்தது. அதற்கு மேலே சுவரில் 'செவ்வாய்' என்று எழுதிய பழைய ஊசல் கடிகாரம். இரண்டும் ஒரே நேரம் காட்டின. அதுதான் வினை.

ஊசல் கடிகாரத்தின் முன்னால் பக்கத்து வீட்டுப் பெரியசாமி மாமா நின்றிருந்தார். சேலம் ஜங்ஷனில் ரயில்களைத் தடம் மாற்றிவிடும் வேலை அவருக்கு. காலையில் கடிகாரங்களைப் பார்க்க ஆசையாய் வந்திருந்தார்.

"வா கண்ணு! உன்ற கெடியாரம் ஒரு மணி நேரம் பிந்திக் கெடந்துச்சு. பெரிய மனுசங்க வர்ற நேரத்துல மானம் போயிருமேன்னு சரி பண்ணி வெச்சுட்டேன்" என்றார் பெருமையாக.

அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ரயில் நிலையங்களுக்குத் தினமும் மாலை நான்கு மணிக்குத் தந்திக் கம்பி வழியாகச் சரியான நேரம் வரும். உடனே எல்லாக் கடிகாரங்களையும் சரிபார்ப்பார்கள். இருபது வருஷம் அப்படி வாழ்ந்தவருக்குப் பிந்தி ஓடும் கடிகாரத்தைக் கண்டால் கை சும்மா இருக்குமா?

"மாமா, அது பிந்தித்தான் ஓடோணும்!" என்றாள் பாவாயி அழாக்குறையாக.

அது 1976-ஆம் வருஷம். ஜூலை மாதம்தான் அமெரிக்க விண்கலம் ஒன்று செவ்வாயில் இறங்கியிருந்தது. செவ்வாயில் ஒரு நாள் நம் நாளைவிட முப்பத்தொன்பது நிமிடம் முப்பத்தைந்து நொடி நீளம் என்று தெய்வநாயகி டீச்சர் வகுப்பில் சொன்னார். அன்றே பாவாயி வீட்டுக் கடிகாரத்தின் ஊசல் குண்டைக் கீழே இறக்கிவிட்டாள். குண்டு இறங்கினால் கடிகாரம் மெதுவாக ஓடும். செவ்வாய்க்குத் தக்கபடி ஓடவைக்க மூன்று வாரம் திருகினாள். திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்கு இரண்டு கடிகாரங்களையும் நான்கில் வைத்து ஓடவிட்டாள்.

இன்று புதன். பத்து மணிக்குத் தேர்வாளர் வருகிறார். பள்ளியிலிருந்து ஒரே ஒரு மாதிரிதான் சென்னைக் கண்காட்சிக்குப் போகும். இப்போது மணி ஒன்பது நாற்பது.

மாமாவின் முகம் சுருங்கியது. "அழுவாத சாமி. நானே டீச்சர்கிட்டச் சொல்லீர்றேன்."

"இருங்க மாமா. கணக்குப் போட்டுப் பாக்கறேன்."

நோட்டைப் பிரித்தாள். நம்முடைய ஒரு மணி நேரத்துக்குச் செவ்வாய்க் கடிகாரம் ஒரு நிமிடம் முப்பத்தாறு நொடி பின்தங்கும். திங்கள் நான்கிலிருந்து இன்று பத்து மணிவரை நாற்பத்திரண்டு மணி நேரம். பெருக்கினாள். அவசரத்தில் தப்பாக வந்தது. அடித்துவிட்டு மறுபடி பெருக்கினாள். அறுபத்தேழு நிமிடம்! அப்படியென்றால் இங்கே பத்து அடிக்கும்போது அங்கே எட்டு ஐம்பத்து மூன்று.

மாமா முள்ளில் கை வைத்தார்.

"பின்னாடி திருப்பாதீங்க! மணியடிக்கறது கொழம்பீரும்."

வேறு வழியில்லை, பதினொரு மணி நேரம் முன்னால் திருப்ப வேண்டும். ஒவ்வொரு மணியும் அடித்து முடிக்கும்வரை காத்திருக்கவும் வேண்டும். பத்து அடித்தது. பதினொன்று அடித்தது. பன்னிரண்டு அடிப்பதற்குள் பாவாயிக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"ஏம்புள்ள, செவ்வாயில நிமிசத்துக்கு ஒருதரம் மணியடிப்பாங்களா?" என்று அடுத்த மேசைப் பையன்கள் சிரித்தார்கள்.

சத்தம் கேட்டு டீச்சர் ஓடிவந்தார். "யாரு இதுல கைய வெச்சது?"

"மணி மாறிப்போச்சுங்க டீச்சர். சரி பண்ணிட்டிருக்கறேனுங்க" என்றாள் பாவாயி, மாமாவைப் பார்க்காமல்.

"நாந்தானுங்க டீச்சர்" என்றார் மாமா மெதுவாக. "புள்ள மேல கோவப்படாதீங்க."

டீச்சர் வாயைத் திறப்பதற்குள் வாசலில் ஜீப் வந்து நின்றது.

எட்டு அடித்தது. பாவாயி முள்ளை எட்டு ஐம்பத்து மூன்றில் வைத்து, ஊசலை விரலால் பிடித்துக்கொண்டாள். பூமிக் கடிகாரம் பத்தைத் தொட்டதும் விரலை எடுத்தாள். டிக்... டிக்... தேர்வாளர் அம்மா உள்ளே வந்தார்.

பாவாயி நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.

"நீயே இப்பத்தான் திருப்பி வெச்சிருக்கே. இது சரின்னு நான் எப்படி நம்பறது?" என்று கேட்டார் அவர்.

நியாயமான கேள்விதான். பாவாயி நோட்டில் இன்னொரு கணக்குப் போட்டாள்.

"திங்கக்கெழமை நாலு மணியிலிருந்து பாத்தா, செவ்வாயில ரெண்டு நாள் முடியறது இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு பத்தொம்பதுக்குங்க. அப்ப இது நாலு அடிக்கோணும். அடிக்காட்டி என்னை அனுப்ப வேண்டாமுங்க."

சொன்னபிறகுதான் அவளுக்கே பயம் வந்தது. தேர்வாளர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி. அதுவரைக்கும் இருக்கறேன்."

மாலை ஐந்து பதினைந்துக்கு அறையில் கூட்டம் நெரிந்தது. மாமா வேலை முடிந்து வந்திருந்தார். ஜங்ஷனில் நான்கு மணிக்கு வந்த சரியான நேரத்துக்குத் திருத்திய கைக்கடிகாரத்தைப் பாவாயியிடம் கழற்றிக் கொடுத்துவிட்டு, எதையும் தொட்டுவிடாமல் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ஐந்து பதினேழு. ஐந்து பதினெட்டு. காலையில் சிரித்த பையன்கள்கூட முள்ளையே எட்டி எட்டிப் பார்த்தார்கள். ஐந்து பத்தொன்பது ஆனது. கடிகாரம் பேசவில்லை. பாவாயி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

கர்ர்ர்... என்றது கடிகாரம். டங். டங். டங். டங்.

"நாலு!" என்று சிரித்தார் தேர்வாளர். "சென்னைக்குப் பெட்டியைக் கட்டு, பாவாயி."

பெரியசாமி மாமா கட்டியிருந்த கைகளை அவிழ்த்துப் பலமாகத் தட்டினார். ஒரு மணி பத்தொன்பது நிமிடம் பிந்தி ஓடும் ஒரு கடிகாரத்தை, "ரொம்பக் கரெக்டா அடிக்குதுங்க!" என்று அவர் மெச்சியது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை.