ஒரே வண்டியில் விழுந்தவர்கள்

மிக்ஸி ஓடத் தொடங்கியதும் மருமகள் சமையல்கட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். பின்மண்டையில் கிளம்பிய வலி கண்ணுக்குப் பின்னால் வந்து குத்தியது.

"ஆரம்பிச்சாச்சா..." என்றாள் மாமியார், திரும்பிப் பார்க்காமலே. "ஸ்கேன்ல ஒண்ணுமில்லன்னு டாக்டரே சொல்லிட்டாரு. ஒரே வண்டியில விழுந்தவதானே என் பொண்ணும்? மறுநாளே அவ ஆபீஸ் போகலையா?"

மருமகள் காதைப் பொத்திக்கொண்டாள். மழையில் ஸ்கூட்டர் சறுக்கியபோது ஓட்டியவள் அவள். பின்னால் இருந்தது நாத்தனார். மாதக்கணக்கில் இதே பேச்சுதான். வெளிச்சம் ஆகாமல், சத்தம் ஆகாமல் மருந்துக்கடை வேலையும் போயிற்று. நடிக்கிறாள் என்ற பெயர்தான் மிச்சம். கணவன்கூட, மனசைத் திடப்படுத்திக்கொள் என்று சொல்ல ஆரம்பித்திருந்தான்.

கழுத்தையும் காட்டிப் பாருங்கள் என்று நரம்பு டாக்டர் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார். கணவனுக்கு லீவு கிடைக்கவில்லை. நாத்தனார்தான் துணைக்கு வந்தாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

பிசியோதெரபிஸ்ட் ஒரு பெண். பின்மண்டைக்குக் கீழே கட்டைவிரலை வைத்து அவள் மெல்ல அழுத்தியதும் மருமகள் துடித்துப்போனாள்.

"இதேதான்... இதே வலிதான்."

"கழுத்து மூட்டு இறுகிக் கிடக்கு. தலைவலியில ஒரு பங்கு இங்கேருந்து வருது. அது ஸ்கேன்ல தெரியாது. அந்தப் பங்கைக் குறைச்சுப் பாக்கலாம். மூளை குலுங்கினதுல வர்ற மீதி, போக நாளாகும். வெடுக்குன்னு நெட்டி முறிக்கிற ஆளுங்ககிட்ட மட்டும் போயிடாதீங்க."

பிறகு, விழுந்தபோது ஹெல்மெட் போட்டிருந்தீர்களா என்று கேட்டாள். இல்லை என்று மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒரு ஹெல்மெட்தான் இருந்துச்சு," என்றாள் நாத்தனார். "நான் வேணாம்னுதான் சொன்னேன். அண்ணிதான் எனக்கு மாட்டி விட்டாங்க."

வீட்டுக்கு வந்ததும் அதையே அம்மாவிடமும் அழுதுகொண்டே சொன்னாள். இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததற்குத் தன்னையே திட்டிக்கொண்டாள். மாமியார் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்றோடு குத்தல் பேச்சு நின்றது. மற்ற பேச்சும் நின்றது. மருமகளுக்கு இதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

சிகிச்சை வாரக்கணக்கில் நடந்தது. கழுத்தை இதமாக இளக்கிவிடுவதும், வீட்டில் செய்யச் சொன்ன பயிற்சியுமாகப் போயிற்று. வலி அடியோடு விடவில்லை. ஆனால் வலியில்லாமல் விடிந்த நாட்களும் வந்தன.

அப்படிக் கொஞ்சம் தெம்பு வந்த நேரத்தில் ஒருநாள் காலை பழைய வேகத்தோடு வலி பிடித்துக்கொண்டது. எழுந்திருக்க முடியவில்லை. மாமியாரின் காலடிச் சத்தம் அறையை நோக்கி வந்தது. மருமகள் சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள்.

மாமியார் ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"எங்கேம்மா வலிக்குது? காட்டு."

அந்த வீட்டில் இதுவரை ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. மருமகள் மாமியாரின் கையை எடுத்துத் தன் பிடரியில் வைத்தாள்.

"என் பொண்ணு முழுசாத் திரும்பி வந்தாளே... எப்படின்னு ஒருநாளாவது யோசிச்சேனா நான்..."

மருமகள் மெல்லப் புரண்டு மாமியாரின் மடியில் முகம் புதைத்துக்கொண்டு, அத்தனை மாத அழுகையையும் அழுது தீர்த்தாள்.