படங்களைச் சொல்லாத மதிப்புரை

தையல் கடைக்கு மேலே துப்பறியும் அலுவலகம் நடத்திய பெண்மணியைக் கட்டடத்தில் எல்லோரும் அண்ணி என்றே கூப்பிட்டார்கள். உதவியாளனாக இருந்த கொழுந்தன் நாள் முழுக்க அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, அது மாடிப்படி வரைக்கும் பரவிவிட்டது. கொழுந்தன் கெட்டிக்காரன்தான். கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடுவான் என்பது ஒன்றே குறை.

மழை விட்ட ஒரு பிற்பகலில் வந்த எழுத்தாளர் ஐம்பதைத் தாண்டிய பெண். தான் எழுதிய கனமான பயண நூலையும், வார இதழில் அதற்கு வந்த மதிப்புரையையும் மேசைமேல் வைத்தார். மதிப்புரையின் அடியில் ‘வழிப்போக்கன்’ என்று புனைபெயர் மட்டும் இருந்தது.

“தாறுமாறாத் திட்டிட்டாரா?” என்று கொழுந்தன் ஆவலாகக் கேட்டான்.

“நல்லாத்தான் எழுதியிருக்கார். எழுதினவர் யாருன்னும் தெரியும்னு நினைக்கிறேன். என்னைக் கல்யாணம் பண்ணிக்கறதா இருந்தவர்.”

அண்ணி நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். எழுத்தாளர் சொன்னார்: “ரெண்டு பேரும் ஊர் ஊராச் சுத்தினோம். நான் எழுதுவேன், அவர் படம் எடுப்பார். ஒருநாள் கேமராவையும் படச்சுருளையும் எங்க வீட்ல வச்சிட்டு, இனிமே முடியாதுன்னு சொல்லிட்டுப் போயிட்டார். பத்து வருஷமாச்சு. என்மேல சலிப்புன்னு கடைசிப் பயணத்துலயே புரிஞ்சுது. இருட்டினா அறையை விட்டு வெளியவே வரமாட்டார். கடைசிச் சுருள்ல பாதிப் படம் கலங்கல். மனசு வேற எங்கேயோ இருந்திருக்கு.”

“இது அவர் எழுதினதுன்னு எப்படிச் சொல்றீங்க?” என்று அண்ணி கேட்டார்.

எழுத்தாளர் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். ‘ஆற்றின் நடுவே ஒழுகத் தொடங்கிய படகிலிருந்து தண்ணீரை எதனால் அள்ளினார் என்று ஆசிரியர் சொல்லவில்லை. தொப்பியால்தான் அள்ளியிருக்க வேண்டும்.’

“அது அவரோட தொப்பி. கோபத்துல, புத்தகத்துல நான் தனியாப் போன மாதிரி எழுதிட்டேன். தொப்பி விஷயம் எங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியும்.”

“அப்போ ஆள் அவர்தான். கேஸ் முடிஞ்சுது” என்றான் கொழுந்தன்.

“முடியல தம்பி. இந்தப் புத்தகத்துல இருக்கிற படம் முழுக்க அவர் எடுத்தது. எங்கேயாவது பார்த்தா வருவார்னுதான் போட்டேன். எழுத்தைப் பத்தி ஒரு பக்கம் எழுதினவர், படத்தைப் பத்தி ஒரு வார்த்தை எழுதல. என்னை வான்னு கூப்பிடறாரா, வராதேன்னு சொல்றாரா? அது மட்டும் தெரியணும்.” இத்தனை வருட ஏக்கத்தை அவர் மறைக்க முயலவில்லை.

“புரட்டிப் பார்த்துட்டு எழுதியிருப்பார் அண்ணி.”

“புரட்டிப் பார்க்கிறவன் கண்ணுல முதல்ல படுறதே படம்தானேப்பா. படிக்காம எழுதறவங்க முதல் வரியிலேயே படங்கள் அருமைன்னு போட்டுடுவாங்க.”

“அப்படீன்னா வீம்பு.”

“வீம்புக்காரர் இப்படி எழுதுவாரா?” அண்ணி படித்தார். ‘சந்தையில் விளக்கு விற்ற கிழவரின் முகத்தைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.’ பிறகு நூலில் அந்த இடத்தைத் திறந்தார். எதிர்ப்பக்கம் முழுவதையும் கிழவரின் முகம் நிறைத்திருந்தது. “படத்தைப் பார்த்திருந்தா இதை எழுதியிருப்பாரா?” என்று கொழுந்தனிடம் கேட்டார்.

முகவரி கேட்க அவன் பத்திரிகை அலுவலகத்துக்கு ஓடினான். விளக்கேற்றும் நேரத்தில் முகவரியோடு ஒரு செய்தியும் கொண்டுவந்தான். “அவரை அங்க யாரும் பார்த்ததே இல்லையாம். மதிப்புரையை ஒரு பொம்பளைதான் கொண்டுவந்து கொடுப்பாங்களாம். கையெழுத்தும் அவங்களோடதாம்.”

எழுத்தாளர் நூலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். “கல்யாணம் ஆயிடுச்சு போல. நான் கிளம்பறேன்.”

“உட்காருங்க” என்றார் அண்ணி. “இன்னொரு வரி இருக்கு. ‘ஆசிரியர் தன் நீண்ட வாக்கியங்களை ஒருமுறை வாய்விட்டுப் படித்திருந்தால், படிப்பவருக்கு மூச்சு முட்டுவது தெரிந்திருக்கும்.’ கண்ணால படிச்சா எதுக்கு மூச்சு முட்டுது? யாரோ அவருக்குச் சத்தமாப் படிச்சுக் காட்டறாங்க. அவர் சொல்லச் சொல்ல எழுதியும் கொடுக்கறாங்க. இருட்டினதும் வெளிய வராதது, கலங்கலான சுருள், கேமராவை விட்டுட்டுப் போனது, எல்லாத்தையும் சேர்த்துப் பாருங்க. அவருக்குச் சலிப்பு வரலம்மா. பார்வை போயிட்டிருந்தது.”

எழுத்தாளர் நூலைத் திரும்ப மேசைமேல் வைத்தார்.

“என்கிட்ட ஏன் சொல்லல?” என்றார்.

“படக்காரருக்குக் கண் போறதை எப்படிச் சொல்வார்? ஆனா மதிப்புரைக்குத் தொப்பி தேவையே இல்ல. அந்த வரி வாசகருக்கு எழுதினது இல்ல, உங்களுக்கு. நீங்க கேட்டதுக்கு அதுதான் பதில்.”

மறுநாள் காலை மூவரும் அந்த முகவரிக்குப் போனார்கள். கதவைத் திறந்தவள் படக்காரரின் தங்கை. எழுத்தாளர் கையிலிருந்த நூலைப் பார்த்ததும் வந்திருப்பது யாரென்று அவளுக்குப் புரிந்துவிட்டது. “படம் இருக்குன்னு மட்டும் சொல்லாதேன்னு அண்ணன் சட்டம் போட்டிருக்கார்” என்றாள் தாழ்ந்த குரலில். “எந்தப் புத்தகமா இருந்தாலும் படத்தைத் தாண்டிட்டுத்தான் படிப்பேன்.”

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் காலடிச் சத்தத்துக்குத் திரும்பினார். தலை முற்றிலும் நரைத்திருந்தது. எழுத்தாளர் தன் பேரைச் சொல்லவில்லை, நலம் விசாரிக்கவில்லை. எதிரே உட்கார்ந்து, நூலைத் திறந்து, பேச ஆரம்பித்தார்.

“வலப்பக்கம் ஒரு முகம். விளக்கு விக்கிற கிழவர். ஒரு பல் இல்ல. கன்னத்துல விளக்கு வெளிச்சம் படுது.”

நாற்காலியின் கையை அவர் இறுகப் பிடித்துக்கொண்டார். “இடது கன்னம்” என்றார் மெல்ல. “அது நான் எடுத்தது.”

“எல்லாமே நீங்க எடுத்ததுதான்.”

கொழுந்தன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அண்ணி அவன் சட்டையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தார்.

“அடுத்த படத்தைச் சொல்லு” என்ற குரல் பின்னாலிருந்து கேட்டது.

“என்ன அவசரம்? இந்தப் படத்துலயே இன்னும் பாதி பாக்கி இருக்கு.”